திருகோணமலை கிளினிக்கும் சுவிஸ் காப்புறுதியும்

ஊருக்குப் போனால் கோணேசர் கோயில், நிலாவெளிக் கடல், கன்னியா என்று எழுதத்தான் எல்லோருக்கும் விருப்பம். நான் இந்த முறை எழுத நினைப்பது ஆஸ்பத்திரியைப் பற்றி. அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும். மாதாமாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக். வழக்கமாக அக்காதான் கூட்டிக்கொண்டு போவார். நான் வந்து நின்றபடியால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

விடியப் போய் நம்பர் எடுக்க வேண்டும். எட்டு மணிக்கு வாங்குகள் நிரம்பிவிட்டன. மீன் வாடியில் இருந்து வந்தவர்கள், வயலில் இருந்து வந்தவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே வரிசை. எல்லோர் மடியிலும் பொலித்தீன் உறையில் போட்ட கிளினிக் கொப்பி. அம்மாவின் கொப்பியில் பல வருடத்துச் சீனி அளவுகள் வரிசையாக இருக்கின்றன. டொக்டர் பொறுமையாகப் பார்த்தார், காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தார், ஒரு மருந்தின் அளவைக் குறைத்தார். இதற்கெல்லாம் ஒரு சதமும் இல்லை. நான் இருக்கும் சுவிஸ் பேர்ணில் இதே பத்து நிமிடத்துக்கு வீட்டுக்கு பில் வரும்.

பிரச்சினை மருந்து கொடுக்கும் யன்னலில்தான் தொடங்கியது. இரண்டு மருந்தைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதித் தந்தார்கள். மூன்றாவது இல்லை. "வெளியில வாங்குங்கோ அம்மா" என்று துண்டு எழுதித் தந்தார்கள். 2022 நெருக்கடியில் மருந்து இல்லாமல் நாடே தவித்ததும், வெளிநாட்டில் இருந்து நாங்கள் பெட்டி பெட்டியாக அனுப்பியதும் நினைவிருக்கும். அந்த அளவு மோசம் இப்போது இல்லை. ஆனால் துண்டு நிற்கவில்லை.

பாமசியில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண். மூதூர்ப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. கையில் அதே மாதிரித் துண்டு, ஒரு மாத மருந்து. விலையைக் கேட்டார், பேர்சைத் திறந்து பார்த்தார், "பத்து நாளைக்குத் தாங்கோ" என்றார். கடைக்காரப் பையன் ஒன்றும் கேட்காமல் பத்து நாளைக்குரிய குளிசையை அட்டையில் இருந்து கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தான். அவனுக்கு அது பழகிப்போன வேலை என்பது வெட்டிய வேகத்திலேயே தெரிந்தது. மிச்ச இருபது நாள் அவருடைய பிரஷருக்கு என்ன நடக்கும்?

அன்று இரவு உவர்மலையில் அக்கா வீட்டில் இதைச் சொன்னேன். அத்தான் காத்துக்கொண்டிருந்தவர் மாதிரித் தொடங்கினார். "இதுக்குத்தான் நான் சொல்லுறன், உங்கட சுவிஸ் மாதிரி எல்லாருக்கும் காப்புறுதி கொண்டு வரவேணும். பிரைவேட் ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டா தரமும் கூடும், விலையும் இறங்கும். இப்பவும் நாங்கள் காசு குடுத்துத்தானே போறம்? பின்னேரம் பிரைவேட்டில டொக்டரைச் சனல் பண்ணினா மூவாயிரத்துக்கு மேல. ஸ்கான் வேற. அதை மாசாமாசம் கட்டினா என்ன?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. இலங்கையில் 1951 இல் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் எடுக்கப்பட்டது. இலவச மருத்துவம் என்று நாங்கள் பெருமைப்படுகிறோம். ஆனால் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் பாதிக்குக் கிட்ட மக்களின் சொந்தப் பையில் இருந்துதான் போகிறது. வருத்தம் வந்த அன்றைக்கு, வருத்தக்காரரே, தனியாகக் கட்டுகிறார். பங்கு போட்டுக்கொள்ள யாரும் இல்லை. இதைவிட மோசமான சந்தை இருக்க முடியாது. அத்தானுக்குக் கோபம் வருவது நியாயம்.

ஆனால் சுவிஸைப் பற்றி அவருக்கு யாரோ அரைக்கதைதான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே 1996 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். அடிப்படைக் காப்புறுதிக்கு வருத்தக்காரர், வயதானவர் என்று யாரையும் கம்பனி தள்ள முடியாது, அதில் லாபம் எடுக்கவும் முடியாது. போட்டி இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றிச் சட்டம் வேலி போட்டிருக்கிறது. அப்படியிருந்தும் 2026 இல் வளர்ந்த ஒருவருக்குச் சராசரி மாதக் கட்டணம் 465 பிராங். வங்கி முகாமையாளருக்கும் ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவருக்கும் கட்டணம் வருமானத்தைப் பார்த்து வருவதில்லை. கட்ட முடியாதவர்களுக்கு அரசு உதவிப்பணம் கொடுக்கிறது. நாட்டில் நாலில் ஒருவருக்கு மேல் அதை வாங்குகிறார்கள். நாலில் ஒருவருக்கு அரசு கைகொடுத்தால்தான் அந்தச் சந்தை நிற்கிறது என்பதை அத்தானிடம் இரண்டு தரம் சொன்னேன்.

கட்டணம் கட்டிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. வருடத்தில் முதல் 300 பிராங் வரை நீங்களே கட்ட வேண்டும். மாதக் கட்டணத்தைக் குறைக்க விரும்பினால் அந்தத் தொகையை 2500 வரை உயர்த்தலாம். அதற்கு மேல் வரும் செலவிலும் பத்து வீதம், வருடம் 700 வரை, உங்களுடையது. எங்களோடு துப்புரவு வேலை செய்யும் ஒரு அக்கா 2500 எடுத்திருக்கிறார். முழங்கால் வீங்கினாலும் டொக்டரிடம் போகமாட்டார், வலிக்குக் குளிசை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். காப்புறுதி அட்டை அவருடைய பேர்சில்தான் இருக்கிறது. மூதூர்ப் பெண்ணும் அவரும் செய்வது ஒன்றுதான்: விலையைப் பார்த்து வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது.

2024 ஜூன் 9 இல் இந்தக் கட்டணம் வீட்டு வருமானத்தில் பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வாக்கெடுப்பு வந்தது. நான் ஆம் என்று போட்டேன். தோற்றுவிட்டது.

சரி, இங்கே அதே மாதிரிக் கொண்டுவந்தால் யார் எவ்வளவு கட்டுவது? நம் நாட்டில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் முறைசாராத் தொழிலாளர்கள். வாடைக் காற்றுக் காலத்தில் கரையில் படகை இழுத்து வைத்துவிட்டு இருக்கும் கடற்தொழிலாளியிடம் அந்த மாதங்களுக்கு எப்படிக் கட்டணம் வாங்குவது? அவருக்கு உதவிப்பணம் என்றால் அவருடைய வருமானத்தை யார், எந்தத் துண்டை வைத்துக் கணக்கிடுவது? அத்தானிடம் பதில் இல்லை, "ஆரம்பத்தில் அரச ஊழியருக்கு" என்றார். அவர்களுக்கு ஏற்கெனவே அக்ரஹார காப்புறுதி இருக்கிறது.

வேலியில்லாத சந்தை எப்படி இருக்கும் என்பதையும் ஊரிலேயே பார்த்தேன். ஒரு காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மரியாதையான தம்பி. அம்மாவின் வயதைக் கேட்டார், சீனி என்றதும் கோப்பை மூடினார். பிறகு அத்தானின் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார். சுகமாக இருப்பவருக்கு விற்பார்கள், தேவைப்படுபவருக்கு இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய கம்பனிக்கு அதுதான் கணக்கு. சுவிஸில் அந்தக் கதவை மூடவிடாமல் வைத்திருப்பது சட்டம்தான், கம்பனிகளின் நல்ல மனசு இல்லை.

அதே வாரம் பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நெஞ்சு நோ. அம்புலன்ஸ் இலக்கமான 1990 க்கு அடித்தார்கள், அம்புலன்ஸ் வந்தது, வரும் வழியிலேயே ஒக்சிஜன் கொடுத்துக் கொண்டுபோனார்கள். ஐயாவின் மகளிடம் யாரும் காசோ அட்டையோ கேட்கவில்லை. பேர்ணில் 144 அடித்து அம்புலன்ஸ் வந்தால், உயிர் காக்கும் அவசரத்துக்கே அடிப்படைக் காப்புறுதி பாதியைத்தான் கொடுக்கும், அதுவும் வருடம் 5000 பிராங் வரை. ஊரில் இருப்பவர்களுக்குத் தங்களிடம் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லையோ என்று அன்றைக்கு எனக்கு மனம் நொந்தது.

அத்தானும் நானும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தனக்கு ஒரு பொலிசி எடுக்கப்போகிறார், எடுக்கட்டும். என் கேள்வி அந்தத் துண்டைப் பற்றியது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, மருந்தை மொத்தமாக, கம்பனிப் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில், மலிவாக வாங்கலாம் என்று செய்து காட்டினார். சீனிக்கும் பிரஷருக்கும் உரிய மருந்துகளில் பெரும்பாலானவை பழைய, காப்புரிமை முடிந்த, விலை குறைந்த குளிசைகள்தான். அவற்றை ஆஸ்பத்திரி யன்னலில் தட்டுப்பாடு இல்லாமல் வைத்திருக்க ஒரு நாட்டுக்குப் புதிய காப்புறுதித் திட்டம் தேவையில்லை. வரிப்பணத்தில் ஒரு பங்கும், நேர்மையான கொள்வனவும் போதும்.

நாங்கள் புலத்தில் ஊர்ச் சங்கம் வைத்து மண்டபம் கட்டுகிறோம், மதிலுக்குப் பெயர்ப்பலகை போடுகிறோம். அடுத்த கூட்டத்தில் வேறொன்று கேட்கப்போகிறேன்: அரசு ஒழுங்காக வாங்கும் வரைக்குமாவது, கிளினிக்கில் எந்த மருந்துக்கு அடிக்கடி துண்டு எழுதுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியிடமே பட்டியல் வாங்கி, அதற்கு மட்டும் மாதாமாதம் காசு ஒதுக்குவோமா என்று. மூதூரையும் கிண்ணியாவையும் விடாமல் மாவட்டம் முழுவதற்கும். அக்கா அம்மாவின் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.