சுகர் உள்ளவருக்கு ராத்திரி சாப்பாடு: சப்பாத்தியா, கேழ்வரகா, இட்லியா, அடையா?

சுகர் இருப்பது தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது, ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவது. மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டுப்போட வீட்டில் ஒருவர் தினமும் அடுப்படியில் நிற்கிறார். அந்த உழைப்புக்குத் தக்க பலன் கிடைக்கிறதா என்று கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். இங்கே வரும் சத்து அளவுகளுக்கு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையை வைத்துக்கொள்கிறேன். எல்லாம் சமைக்காத பொருளின் எடைக்கானவை.

முதலில் சப்பாத்தி. ஒன்றுக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால் மூன்றுக்கு 90 கிராம். அதில் மாவுச்சத்து ஏறக்குறைய 58 கிராம். வெள்ளை அரிசி 75 கிராம் எடுத்து வடித்தாலும் அதே 58 கிராம்தான். 75 கிராம் அரிசி என்பது ஓர் ஆளுக்கு அளவான சோறு. ஆக, சோற்றைத் தொடவே இல்லை என்று நிம்மதியாகப் படுப்பவர் மாவுச்சத்தில் எதையும் குறைத்திருக்க மாட்டார். சப்பாத்தி ஜெயிப்பது நார்ச்சத்தில்: இங்கே 10 கிராம், அந்தச் சோற்றில் 2 கிராம். சர்க்கரை ஏறும் வேகத்தை நார்ச்சத்து மட்டுப்படுத்தும் என்பதால் இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் சப்பாத்தி மென்மையாக வர வேண்டும் என்று மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டினால் அந்த லாபம் போச்சு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வைத்தால் மாவுச்சத்தோடு இன்னொரு மாவுச்சத்து. சப்பாத்தியிடம் எனக்குப் பிடித்தது, எண்ணிச் சாப்பிடலாம் என்பது. சோறு தட்டில் எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்தது கேழ்வரகு. 100 கிராமில் 360 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், 11 கிராம் நார்ச்சத்து. தானியமாக அதற்கு நிகர் குறைவு. ஆனால் மாவுச்சத்தும் 67 கிராம் இருக்கிறது; கோதுமையைவிடக் குறைவில்லை. கேழ்வரகைப் பொறுத்தவரை எப்படிச் சமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நைசாக அரைத்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைக்கும் கஞ்சி, மென்று தின்ன வேலையே இல்லாமல் நேராக இறங்கிவிடும். சர்க்கரையும் சீக்கிரம் ஏறும். முளைகட்டி வறுத்து அரைத்த சத்துமாவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். முளைக்கும்போதே மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக உடையத் தொடங்கியிருக்கும். குழந்தைக்கு அது நல்லது, சுகர் உள்ளவருக்கு அல்ல. அதில் வெல்லம் போட்டு, 'சீனி போடவில்லையே' என்று கொடுப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் ரத்தத்துக்குப் போனால் சர்க்கரைதான். முளைகட்டாத சாதாரணக் கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி நிறைய, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து அடை தட்டினால் கதை மாறும். களி கிண்டினால் எலுமிச்சை அளவு உருண்டை இரண்டு, கூடவே கீரைக் குழம்பு தாராளமாக.

தினை, சாமை, வரகு பற்றி இவ்வளவு போதும்: பாலிஷ் போட்டு வெளுத்ததை வாங்காதீர்கள், சிறுதானியம் என்பதற்காகக் குவித்துச் சாப்பிடாதீர்கள். ஓட்ஸ் விருப்பமென்றால் சாப்பிடலாம். உடனடி ரகமும் மசாலா பொட்டலமும் வேண்டாம்.

இட்லிக்கு நல்ல பெயர் அதிகம். எண்ணெய் இல்லை, வயிற்றுக்கு இதம், எல்லாம் சரி. ஆனால் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் அது பெரும்பாலும் அரிசிதான். அதுவும் அரைத்து, புளித்து, ஆவியில் பஞ்சாக வெந்தது; எளிதில் செரிக்கும், அதனால் சர்க்கரையும் வேகமாக ஏறும். இரண்டோடு நிறுத்தி, காய் நிறையப் போட்ட சாம்பாரை ஒரு கிண்ணம் தனியாகச் சாப்பிட்டால் பரவாயில்லை. வெறும் சட்னியோடு ஆறு இட்லி என்றால் அது சோற்றைவிட மேலானதில்லை.

என் ஓட்டு அடைக்குத்தான். வழக்கமாக அரிசியும் பருப்பும் சரிபாதி போடுவார்கள். அதை ஒரு பங்கு அரிசி, இரண்டு பங்கு பருப்பு என்று மாற்றுங்கள். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, கொஞ்சம் உளுந்து. 20 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பில் இரண்டு அடை வரும். மாவுச்சத்து சுமார் 36 கிராம், புரதம் 10 கிராம். பருப்பின் மாவுச்சத்து மெதுவாகத்தான் செரிக்கும். கொரகொரப்பாக அரைத்தால் இன்னும் நல்லது. இரண்டு அடையில் வயிறு நிறைந்துவிடும், பத்து மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடத் தோன்றாது. புளிக்க வைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். வெல்லம் மட்டும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவியல் இருந்தால் பிரமாதம்.

சோறில்லாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அரிசியை அளந்து போடுங்கள். முதலில் பொரியல், கூட்டு, முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அதே உணவை இந்த வரிசையில் சாப்பிட்டபோது சர்க்கரை நன்றாகவே குறைவாக ஏறியது. 11 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், ஆனால் வீட்டில் செய்து பார்க்கச் செலவில்லை.

யாருக்கு எது ஒத்துவரும் என்பதைக் குளுக்கோமீட்டர் சொல்லிவிடும். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். இரண்டாவது தடவை பார்ப்பது பலருக்கும் 180-க்குள் என்பது பொது இலக்கு. உங்கள் இலக்கை மருத்துவர் சொல்வார். இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். அவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பருப்பைக் கூட்டும் முன்பும் அவரைக் கேளுங்கள்.