டிஸ்கவுண்டரா, துருக்கிக் கடையா, தமிழ்க் கடையா? டோர்ட்முண்டில் ஒரு சனிக்கிழமைப் பை

ஜெர்மனிக்கு வந்து இறங்குகிற நம்மூர்ப் பிள்ளைகள் முதல் வாரமே கேட்பது, "அண்ணா, இங்க இண்டியன் ஸ்டோர் எங்க இருக்கு?" நானும் வந்த புதிதில் இதைத்தான் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது துருக்கிக் கடைக்கு வழி என்று புரிய எட்டு மாதம் ஆயிற்று.

நான் இருப்பது டோர்ட்முண்டில். நிலக்கரியும் எஃகும் சோறு போட்ட ரூர் வட்டாரம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டிஸ்கவுண்டர், அதாவது மலிவு விலை சூப்பர்மார்க்கெட். ரயில் நிலையத்துக்கு வடக்கே நோர்ட்ஷ்டாட் பக்கம் போனால் வரிசையாகத் துருக்கிக் கடைகள். இன்னும் கொஞ்சம் தள்ளி ஈழத்தவர் நடத்தும் ஒரு தமிழ்க் கடை. வாரச் சாமானுக்கு இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றிச் சுற்றுகிறேன்.

டிஸ்கவுண்டருக்கு இதுதான் தாய்வீடு. ஆல்டி என்ற பெரிய டிஸ்கவுண்டர் நிறுவனம் பிறந்தது பக்கத்து ஊரான எஸ்ஸனில். அம்மா நடத்திய கடையை எடுத்து வளர்த்த ஆல்பிரெக்ட் சகோதரர்கள் 1961 வாக்கில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வடக்கு ஒருவருக்கு, தெற்கு ஒருவருக்கு. கடையில் சிகரெட் விற்பதா வேண்டாமா என்பதில் வந்த சண்டை என்று கதை சொல்வார்கள். நம்மூரில் வரப்புக்கு அடித்துக்கொள்வதைப் போலத்தான்.

பால், முட்டை, வெண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு, கழிப்பறைத் தாள் எல்லாவற்றுக்கும் டிஸ்கவுண்டர்தான். விலையில் அதை யாரும் அடிக்க முடியாது. ஆனால் உள்ளே போக ஒரு பழக்கம் வேண்டும். தள்ளுவண்டியை எடுக்க 1 யூரோ காசு கையில் இருக்க வேண்டும். காலி பாட்டில்களைக் குப்பையில் போடக்கூடாது. தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், கண்ணாடி பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் என்று வாங்கும்போதே முன்பணம் பிடித்துவிடுவார்கள். 'ஃபாண்ட்' என்று பெயர். மெஷினில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சீட்டு வரும், அதைக் கல்லாவில் கழித்துக்கொள்ளலாம். முதல் மாதம் நான் நசுக்கி எறிந்த பாட்டில்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிறகு அந்தக் கல்லா. அங்கே இருப்பவர் சாமானைத் தள்ளும் வேகம் இருக்கிறதே! அண்ணாச்சி கடை நினைப்பில் அரிசி அடியில், தக்காளி மேலே என்று நிதானமாகப் பையில் அடுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஏழு பேர் பெருமூச்சு விட்டார்கள். அப்படியே வண்டியில் வாரிப் போட்டுக்கொண்டு, சுவரோரப் பலகையில் வைத்துத்தான் பையில் அடுக்க வேண்டுமாம். இத்தனைக்கும் பேச வேண்டியது "ஹலோ"வும் "மிட் கார்டே"யும் (கார்டில் தருகிறேன்) மட்டும். ஒரு வருடம் போய்வந்தாலும் மூன்றாவது சொல் தேவைப்படாது. ஜெர்மன் தெரியாதவனுக்கு இது வசதி. அந்த வசதிதான் கெடுதலும்.

துருக்கிக் கடைக்கு நான் முதலில் போனது கொத்தமல்லிக்காக. டிஸ்கவுண்டரில் அது பிளாஸ்டிக் டப்பாவில் நாலு காம்பாக இருக்கும். இங்கே கை கொள்ளாத கட்டு. வாங்கி வந்து ரசத்தில் கிள்ளிப் போட்டால் மணமே இல்லை, புல் வாசம். அது பார்ஸ்லி. துருக்கியில் மைதனோஸ். நமக்கு வேண்டிய கொத்தமல்லி அவர்களிடம் கிஷ்னிஷ். இரண்டு கட்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒன்று போலவே கிடக்கும். அடுத்த வாரம் போய்க் காய்ப் பகுதியில் நின்ற பெரியவரிடம் கைஜாடையில் முறையிட்டேன். அவர் ஓர் இலையைக் கசக்கி என் மூக்கில் நீட்டினார். "இது கோரியாண்டர், இது பேட்டர்ஸீலியே" என்று மூன்று முறை சொல்ல வைத்தார்.

பெரியவரின் ஜெர்மனும் என் ஜெர்மனும் ஒரே தரம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடும் டெர், டீ, டாஸ் மூன்றும் இருவருக்குமே இடறும். அதனால் கூச்சம் இல்லை. ஜெர்மனியும் துருக்கியும் ஆளெடுப்பு ஒப்பந்தம் போட்டது 1961 அக்டோபரில். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வந்த அந்தத் தலைமுறை தன் சமையலுக்காகத் தேடியவைதான் இந்தக் கடைகளில் இன்று குவிந்திருக்கின்றன. நம் சமையலுக்கும் பாதிக்கு மேல் அதுவே போதும். புல்குர் நம் கோதுமை ரவையின் அண்ணன், உப்புமா கிண்டலாம். இர்மிக் என்றால் ரவை. சிவப்புப் பருப்பு மைசூர்ப் பருப்பேதான். பாம்யா என்பது பிஞ்சு வெண்டைக்காய், எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் குட்டிக் கத்தரிக்காயும் உண்டு. 10 சதவீதக் கொழுப்புள்ள தயிர் வாளியாகவே கிடைக்கும். கறி வெட்டுபவரிடம் எலும்போடு ஆட்டுக்கறி கேட்டால் கேட்ட அளவில் வெட்டித் தருவார். ஆனால் கேட்க வேண்டும், வாயைத் திறந்து, ஜெர்மனில். அண்ணனை அவர்கள் 'அபி' என்கிறார்கள். பெரியவர் என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார், எனக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும். குறை என்று பார்த்தால், சிறு தொகைக்குக் கார்டு வாங்கமாட்டார்கள். பத்து யூரோ நோட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

தமிழ்க் கடைக்கு வருகிறேன். 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் இந்த வட்டாரத்தில் நன்றாக வேரூன்றியவர்கள். பக்கத்து ஊர் ஹாமில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. கடைக்குள் நுழைந்தால் பெருங்காய வாசனையிலேயே கண் கலங்கும். துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, நல்லெண்ணெய், கறிவேப்பிலை இந்த ஐந்துக்கும் வேறு போக்கில்லை. "மரக்கறி வியாழன்தான் தம்பி வரும், வெள்ளி பின்னேரம் வந்தால் முருங்கைக்காய் முடிஞ்சிடும்" என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். காய்ந்த மிளகாய் அங்கே செத்தல், வேர்க்கடலை கச்சான், எலுமிச்சை தேசிக்காய். தமிழிலேயே புதிதாய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வெறும் மிளகாய்த்தூள் அல்ல. மல்லி, சீரகம், சோம்பு எல்லாம் வறுத்துச் சேர்த்தது. சாம்பாரில் போட்டால் அது சாம்பார் இல்லை. நல்ல குழம்பு என்பது வேறு விஷயம்.

காய்கள் விமானத்தில் வருவதால் விலையும் பறக்கிறது. ஒரு முருங்கைக்காய் வாங்கும் காசில் டிஸ்கவுண்டரில் கேரட் மூட்டையே வரும். அதனால் எனக்கு இது மாதத்துக்கு ஒரு நடை. வாரா வாரம் போகிற நண்பர்களைத் தெரியும். அவர்கள் மளிகைச் செலவு என்னுடையதைவிட நிறையவே அதிகம், ஜெர்மன் என்னுடையதைவிடக் குறைவு. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

ஆன்லைனில் பருப்பு வரவழைக்கலாமே என்பார்கள். வரவழைக்கலாம். நாம் இல்லாத நேரத்தில் பார்சல் முகம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும், நாம் சீட்டோடு ஒவ்வொரு அழைப்புமணியாக அழுத்த வேண்டும். பத்துக் கிலோ அரிசிக்கு மட்டும் செய்கிறேன்.

மூன்று கடைக்கும் பொதுவான ஒரு கெடு உண்டு: சனிக்கிழமை இரவு. ஞாயிறு ஓய்வு என்பது 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது, இன்றைய சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. ரொட்டிக் கடை காலையில் சில மணி நேரம் திறக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும், அவ்வளவுதான். காய்ச்சல் மாத்திரைக்கு டிஸ்கவுண்டர் எந்த நாளும் உதவாது, பாரசிட்டமால் அப்போதெக்கே என்ற மருந்துக் கடையில்தான்.

ஆகவே என் சனிக்கிழமை இப்படி: காலையில் பாட்டில் மூட்டையோடு டிஸ்கவுண்டர், மதியத்துக்குள் துருக்கிக் கடை, மாதத்தின் முதல் சனி என்றால் அப்படியே தமிழ்க் கடை. புதிதாக வருகிறவர் ஒரே ஒரு கடைக்குத்தான் போக முடியும் என்றால் துருக்கிக் கடைக்குத்தான் அனுப்புவேன்.

ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறேன் என்பவர்களுக்கு: அம்மா உருக்கிய நெய்யை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள், பால் பொருளுக்குத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் 2019 டிசம்பரிலிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பெட்டியில் அந்த இடத்துக்கு வடகமும் மோர்மிளகாயும் வையுங்கள். மோர்மிளகாயில் தயிர் இருக்கிறதே என்று சுங்கத்தில் யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்பேன். என் மனைவி சொல்கிறாள், அதையும் வைக்காதே, வடகம் மட்டும் போதும் என்று.