முழங்கால் மாற்றி ஒரு வருடம்: மடங்குவதை விட நீளுவதுதான் பாடு

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “கால் மடங்குதா?” நீளுதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வருடம் திரும்பும்போது ஆள் நேராக நடப்பதும் கெந்திக் கெந்தி நடப்பதும் அந்தக் கேட்காத கேள்வியில்தான் கிடக்கிறது.

கணக்கைப் பாருங்கள். சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 பாகை மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90 வேண்டும், கதிரையிலிருந்து சிரமமில்லாமல் எழும்ப 100ஐத் தொட வேண்டும். நீட்டுவதில் இந்தச் சலுகை இல்லை. 10 பாகை குறைந்து நின்றால் நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை இறுகியபடியே இருக்கும். அந்தக் கால் கட்டையானது போலாகி, பின்னேரமானால் நாரி நோவெடுக்கும்.

இது ஏன் நடக்கிறது? மாற்றப்படுவது எலும்பின் மேற்பரப்பு மட்டும். தொடை எலும்பின் அடியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் ஒரு சென்டிமீட்டர் அளவில் சீவிவிட்டு, மேலே கோபால்ட் குரோமியம் உறை, கீழே டைட்டேனியம் தட்டு, நடுவில் பொலிஎத்திலீன் துண்டு என்று பொருத்துகிறார்கள். தசையும் நாரும் பழையதேதான். பத்து வருடமாக வளைந்த காலோடு நடந்தவருக்கு முழங்காலின் பின்பக்கத் தசைநார் சுருங்கியே இருக்கும். சத்திரசிகிச்சை மேசையில் வைத்தியர் நேராக்கி விட்டாலும், வீட்டில் கவனமில்லாமல் போனால் அது பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும்.

அதைத் திருப்பிக் கொடுக்கிற முதல் ஆள் தலையணை. “மகள், நோகுது, முழங்காலுக்குக் கீழ ஒரு தலகாணி வெச்சி விடுங்க” என்று அம்மா கேட்டால் எந்த மகள்தான் மாட்டேன் என்பாள்? வைத்தவுடன் நோவு குறைவதும் உண்மை. வளைந்திருக்கும்போது மூட்டுக்குள் வீக்கத்துக்கு இடம் கிடைக்கிறது, அதனால் சுகமாக இருக்கிறது. இரவு முழுக்க அப்படிக் கிடந்தால் விடியும்போது கால் 15 பாகையில் இறுகியிருக்கும். தலையணை வைக்கத்தான் வேண்டுமென்றால் கெண்டைக்கால் தொடங்கிக் குதிக்கால் வரை முழு நீளத்துக்கும் வையுங்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

நீட்டுகிற பயிற்சிக்குத் தேவை ஒரு துவாய். அதைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வைத்து, முழங்காலை அந்தரத்தில் தொங்க விட வேண்டும். பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நாலு தரம். பாரம் எதுவும் வேண்டாம், காலின் கனமே இழுக்கும். கடைசி ஐந்து நிமிடம் நன்றாகவே நோகும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தால் முழங்கால் தப்பித்துக்கொள்ளும், அதனால் பெருவிரல் கூரையைப் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்ப்பதும் சுலபம். கட்டிலில் காலை நீட்டித் தொடையை இறுக்கச் சொல்லி, முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பலகைக் கட்டில்தான் சரி. பஞ்சு மெத்தை உடம்போடு சேர்ந்து பதிந்து பொய் சொல்லும்.

மற்றப் பயிற்சிகள் பிசியோ சொல்லித் தருவதுதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பாதத்தை மேலும் கீழும் இருபது தரம் ஆட்டுவது இரத்தம் கட்டியாகாமல் இருக்க. தொடையை இறுக்கி ஐந்து வினாடி பிடித்து விடுவது பத்துத் தரம். காலை நேராக ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பது பத்துத் தரம். மடக்குவதற்கு எங்கள் வீடுகளில் நல்ல வசதி ஒன்று உண்டு: வழுவழுப்பான சீமெந்துத் தரை. கதிரையில் இருந்து பாதத்துக்குக் கீழே ஒரு சொப்பிங் பேக்கைப் போட்டுப் பின்னுக்கு இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். இனி முடியாது என்கிற இடத்தில் ஐந்து வினாடி நிற்க வேண்டும். இரண்டாம் கிழமை முடிய 90, ஆறாம் கிழமையில் 110 அளவு வந்தால் நல்லது. சத்திரசிகிச்சைக்கு முன் 95 மட்டுமே மடங்கிய கால் பிறகு 130 மடங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முன்பு மடங்கிய அளவுதான் பின்னால் வருவதற்கும் அளவுகோல். எட்டாம் கிழமையிலும் 90 வரவில்லை என்றால் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கி விடுவதற்கு ஒரு காலம் உண்டு. மூன்று மாதம் கடந்தால் அதன் பலன் குறைந்துவிடும்.

இனி வீடு. கொழும்பிலோ கண்டியிலோ செய்துகொண்டு வருகிறவர்கள் புறப்படும் முன்பே இங்கே, மட்டக்களப்புப் பக்கத்து வீட்டில், மூன்று சாமான் தயாராக இருக்க வேண்டும்: உயரமான கதிரை, உயரமான கட்டில், கொமட். பன்பாயில் படுத்து, பலகையில் குந்தித் தேங்காய் துருவி, சப்பாணி கொட்டிச் சோறு தின்கிற வாழ்க்கைக்காக இந்த மூட்டைச் செய்யவில்லை. வழமையான பிளாஸ்டிக் கதிரையின் உயரம் பலருக்குப் போதாது. இருக்கும்போது இடுப்பு முழங்காலை விட உயரத்தில் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். உள்ளே அமிழ்கிற செட்டி ஆகவே ஆகாது. துருவலையை மேசையில் பூட்டுகிறதாக மாற்றி விட்டால் குசினியில் பாதிப் பிரச்சினை முடிந்தது.

குந்துகிற கக்கூஸ் மட்டும் உள்ள வீடுகளில் நடுவில் ஓட்டை உள்ள கொமட் கதிரையை மேலே வைத்துச் சமாளிக்கலாம். வாங்குவதற்கு முன் இழுவை நாடாவால் அளந்து பாருங்கள். கக்கூசின் கால் மிதிக்கும் மேடை தரையிலிருந்து உயர்ந்திருந்தால், கதிரையின் முன்கால் மேடையிலும் பின்கால் பள்ளத்திலும் நின்று ஆடும். நாலு காலும் ஒரே மட்டத்தில் நிற்க இடமில்லை என்றால் சாதாரணக் கொமட் ஒன்றைப் பூட்டுவதே மேல். ஆள் எழும்பும்போது கை வைக்கச் சுவரில் ஒரு குழாய்க் கம்பியும் வேண்டும். துவாய் தொங்கப் போடுகிற கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது, கழன்று கையோடு வரும். கிணற்றடிக் குளிப்பு ஆறு கிழமைக்குக் கிடையாது. பாசி பிடித்த கிணற்றுக் கட்டின் மேல் ஈரக் காலோடு ஒரு சறுக்கல் போதும். உள்ளே கதிரை போட்டு வாளியில் குளிக்கலாம், அதுவும் காயத்தை நனைக்க வைத்தியர் அனுமதித்த பிறகு.

நெடுந்தூரப் பயணத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வாகனத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். ஹபரணையிலும் பொலன்னறுவையிலும் நிறுத்துவது தேத்தண்ணிக்காக மட்டும் அல்ல. முன் ஆசனத்தை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, அதில் ஒரு சொப்பிங் பேக்கை விரித்தால் உடம்பைத் திருப்புவது சுகம்.

வோக்கரின் கைப்பிடி, கையைத் தொங்க விட்டால் மணிக்கட்டு மடிப்பு வருகிற உயரத்தில் இருக்க வேண்டும். கடையில் பூட்டித் தருகிற உயரத்திலேயே பாவித்து, கூனிக் கூனி நடந்து முதுகு பிடித்தவர்கள் நிறையப் பேர். நாலு காலிலும் ஒரே துளையில்தான் ஊசி நிற்கிறதா என்று பாருங்கள். கரையோர ஊர்களில் இன்னொரு வில்லங்கம் மணல். கல்லடியிலும் காத்தான்குடியிலும் களுதாவளையிலும் முற்றம் மணல். வோக்கரின் ரப்பர்க் குப்பிக்குள் மணல் ஏறினால், விறாந்தையின் டைல்சில் அது உருளைக் குண்டு மாதிரி வழுக்கும். உள்ளே வரும்போதெல்லாம் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், குப்பி தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

இரண்டு மூன்று கிழமையில் வோக்கர் போய் பொல்லு வரும். பொல்லு மாற்றிய காலின் பக்கம் அல்ல, மற்றக் கையில். வலது முழங்கால் என்றால் இடது கை. அப்போதுதான் பாரம் பொல்லுக்கும் காலுக்கும் பங்காகப் போகும். படிக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: ஏற நல்ல கால் முதல், இறங்க மாற்றின கால் முதல்.

நோவைப் பற்றி வைத்தியசாலையில் முழுதாகச் சொல்லி அனுப்புவதில்லை. முதல் கிழமையோடு அது முடிவதில்லை. இரண்டாம் கிழமை தொடங்கி ஆறாம் கிழமை வரை இரவுகள்தான் மோசம். எந்தப் பக்கம் படுத்தாலும் கால் இடம் பிடிக்காது, நித்திரை துண்டு துண்டாகப் போகும், மனம் சோரும், “ஏன்தான் வெட்டினமோ” என்று தோன்றும். இது பலருக்கும் வந்து போவது. பனடோல் 500 மில்லிகிராம் குளிசையை இரண்டிரண்டாக ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எடுக்கலாம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. உடம்பு மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைவு. நோவு ஏறின பிறகு போடுவதை விட, பயிற்சிக்கு முக்கால் மணித்தியாலம் முன்னால் போட்டால் பயிற்சியும் நடக்கும். டைக்குளோபெனக்கைப் பாமசியில் சொந்தமாகக் கேட்டு வாங்க வேண்டாம், சலரோகமும் பிரசரும் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அது கெடுதி. நோவுக்கு டிரமடோல் தந்திருந்தால் மலச்சிக்கல் வரக்கூடும். பப்பாசியும் தண்ணீரும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

குளிசையோடு ஐசும் உதவும். உடைத்த ஐசைப் பையில் போட்டு, ஈரத் துணியால் சுற்றி, 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு நாலைந்து தரம். சின்னப் பிள்ளைகள் சூப்புகிற ஐஸ் பக்கெட் நாலை அடுக்கினால் முழங்காலைச் சுற்றி அழகாக வளைந்து கொடுக்கும். மீன்பெட்டி ஐஸ் வேண்டாம், உருகி ஒழுகினால் காயத்துக்கு ஆபத்து.

அடுத்தது பத்தியம். இதில் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சண்டை இல்லாமல் முடியாது. இறால், நண்டு, கணவாய், முட்டை எல்லாம் கிரந்தி என்று ஒதுக்கி, வெறும் ரசமும் சோறும் கொடுத்தால் காயம் மாறவும் தசை வளரவும் உடம்புக்குப் புரதம் எங்கே? ஒவ்வாமை இல்லாதவருக்கு மீன் கிரந்தி அல்ல. பால்சுறாப் புட்டு, முட்டை, பருப்பு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கண்டிப்பு தேவைப்படுவது சீனியில். சலரோகம் கட்டுக்குள் இல்லாத உடம்பில் கிருமி ஏறுவது சுலபம்.

எண்ணெய் போட்டு உருவுகிறவரை வீட்டுக்குக் கூப்பிடுவதும் இங்கே வழக்கம். தையல் அல்லது கிளிப் 10 முதல் 14 நாளில் கழற்றப்படும். காயம் முழுதாக மூடி, பொருக்கு எல்லாம் விழும் வரை எண்ணெயோ மஞ்சளோ கிட்டப் போகக் கூடாது. கெண்டைக்காலை உருவவே கூடாது, உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் அது கிளம்பி நெஞ்சுக்குப் போகும். கெண்டைக்கால் புதிதாக வீங்கி நொந்தாலும், திடீரென்று மூச்சு முட்டினாலும், நெஞ்சு நொந்தாலும் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். மூன்றாம் நாளிலிருந்து கணுக்கால் வரை இறங்குகிற கருநீலம் பயப்படுத்தும், ஆனால் இரத்தம் கீழே வடிந்த அடையாளம்தான் அது. காயம் பல நாளாகியும் கசிந்தாலோ, சிவப்புப் பரவினாலோ வெட்டிய வைத்தியரிடமே காட்ட வேண்டும். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைத் தொடங்கினால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

ஆறாம் கிழமைக்குப் பிறகு வைத்தியர் சம்மதித்தால் சைக்கிளை விடச் சிறந்த சாமான் இல்லை, ஜிம்முக்குப் போகவும் தேவையில்லை. வீட்டில் நிற்கும் சைக்கிளை இரட்டை ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சில்லு அந்தரத்தில் சுற்றும். குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் என்றால் ஏறுவது சுகம், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சீட்டை உயர்த்தி, முதலில் பின்னுக்கு மிதித்துப் பாருங்கள். முழுச் சுற்று வருமளவு கால் மடங்கியதும் முன்னுக்கு மிதிக்கலாம். ஒவ்வொரு கிழமையும் சீட்டை அரை அங்குலம் பதித்தால் மடங்குவது தன்பாட்டில் கூடும். ரோட்டில் ஓட மூன்று மாதமாவது போகட்டும். கடற்கரை மணலில் நடப்பதும் அதற்குப் பிறகுதான், ஈரம் ஊறிய இறுகின கரையோரமாக.

வருடம் முடியும்போது மிஞ்சுகிற குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கையகலம் மரத்திருக்கும். தோலுக்குப் போகும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் வருவது அது. மெல்லச் சுருங்கும், முழுதாகப் போகாமலும் விடலாம். நடக்கும்போது டொக் என்று சத்தம் கேட்கும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுப்படுகிற சத்தம். ஆறு மாதத்துக்கு மேலும் முழங்கால் சூடாக இருக்கலாம். முழங்காலில் நிற்பது மூட்டைக் கெடுக்காது, ஆனால் பலருக்குக் கண்ணாடித் துண்டில் நிற்பது போல இருக்கும். பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழுவதும், தேவாலயத்தில் வாங்கிலேயே இருந்து செபிப்பதும் இங்கே யாருக்கும் புதினமில்லை. ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி வராமலும் போகிறது. பெரும்பாலும் நோவு தொடர்ந்ததால், அல்லது இருபது வயதுக் கால் கிடைக்கும் என்று நினைத்து வந்ததால்.

மூட்டு உழைக்கிற காலத்தைப் பற்றி நல்ல செய்தியே உண்டு. பத்தில் எட்டு 25 வருடம் தாங்குகிறது. தாங்காமல் போகிறவற்றுக்குப் பெரிய எதிரி கிருமி. அது காயத்தின் வழியாக மட்டும் வருவதில்லை. பல்லுச் சீழ், காலில் குத்திய முள்ளு, வயல் சேற்றில் வெடித்த குதிக்கால், சலரோகப் புண் எல்லாவற்றிலிருந்தும் இரத்தத்தோடு ஏறி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயத்தில், அதாவது தீமிதிப்பில், இறங்குகிற நேர்த்தி வைத்தவர்கள், உள்ளங்கால் கொப்புளமும் அப்படி ஒரு வாசல்தான் என்று தெரிந்துகொண்டு, வேறு நேர்த்தியாக மாற்ற முடியுமா என்று கோயிலில் கேட்டுப் பார்க்கலாம். பல்லுக் கதிரையில் ஏறும் முன்னால் “முழங்கால் மாத்தியிருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள்.