திராகுனோவும் பிஎஸ்ஓ-1 ஸ்கோப்பும்: இரண்டு பேருக்கான கருவி

1963-ல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட எஸ்விடி திராகுனோவ், இந்தியத் தரைப்படையிலும் நெடுங்காலமாகப் புழங்கும் ஸ்னைப்பர் (தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும்) துப்பாக்கி. ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 4.3 கிலோ, பத்துத் தோட்டா கொள்ளும் மகசின், 620 மி.மீ. குழல். உறுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடுமாற்றமெல்லாம் அதன் மேல் உட்காரும் பிஎஸ்ஓ-1 ஸ்கோப்பைப் படிக்கத் தெரியாததால்தான் வருகிறது.

இந்த ஸ்கோப் 4 மடங்குதான் பெரிதாக்கும். முகப்புக் கண்ணாடி 24 மி.மீ. உள்ளே இடப்பக்கம் கீழே ஒரு வளைகோடு இருக்கிறது, அதுதான் தூரமானி. ஆளின் பாதம் கீழ்க்கோட்டில் நிற்க, தலை வளைகோட்டை எங்கே தொடுகிறதோ, அங்குள்ள எண்ணே நூறு மீட்டர் கணக்கில் தூரம். ஆனால் அது 1.7 மீட்டர் உயரமுள்ள ஆளுக்குப் போட்ட கணக்கு. 1.5 மீட்டர் ஆள் 400 மீட்டரில் நின்றால் வளைகோடு 450-ஐத் தாண்டிக் காட்டும். அதை நம்பி டிரம்மை (தூரத்துக்கேற்பக் குறியை மாற்றும் திருகு) திருப்பினால் குண்டு குறிபார்த்த இடத்துக்கு மேலே போகும். மண்மூட்டைக்குப் பின்னால் பாதி உடல் மறைந்தவரை இதனால் அளக்கவே முடியாது. அப்போது கைகொடுப்பது பக்கவாட்டு மில் அளவுகோல் (ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர் அகலம் தெரியும் கோணமே ஒரு மில்): அரை மீட்டர் அகலத் தோள் ஒரு மில்லை நிரப்பினால் தூரம் 500 மீட்டர். இந்தக் கணக்கு யோசிக்காமல் வருகிற அளவுக்குப் பழக வேண்டும்.

உயர டிரம் 3 (அதாவது 300 மீட்டர்) வரை நூறு நூறு மீட்டராகவும், அதற்கு மேல் 10 வரை ஐம்பது ஐம்பதாகவும் நகரும். நடுக்குறிக்குக் கீழே இருக்கும் மூன்று கூரைக்குறிகள் (^ வடிவம்) 1100, 1200, 1300 மீட்டருக்கானவை, ஆனால் டிரம் 10-ல் இருக்கும்போது மட்டும். டிரம்மை 4-ல் விட்டுவிட்டுக் கீழ்க்குறியை வைத்துச் சுடுவது புதியவர்கள் செய்யும் பிழை. அந்தக் குறிக்குச் சொல்லப்பட்ட தூரத்தோடு அப்போது எந்தத் தொடர்பும் இல்லை.

ஜீரோ பார்க்கும் முறை, அதாவது குறியும் குண்டு விழும் இடமும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது, எளிது: 100 மீட்டரில் டிரம்மை 3-ல் வைத்து நான்கு தோட்டாக்கள். நான்கும் 8 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் விழ வேண்டும்; 300 மீட்டருக்கான அமைப்பு என்பதால் அந்தக் கூட்டம் குறிபார்த்த இடத்துக்கு மேலேதான் இருக்கும். பரவினால் உடனே குழலைக் குறை சொல்லாதீர்கள். முதலில் பக்கத் தண்டவாளத்தில் ஸ்கோப்பை இறுக்கும் நெம்புகோலை ஆட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு உதைப்புக்கும் ஸ்கோப் இடம் மாறும். அடுத்தது தோட்டா. இயந்திரத் துப்பாக்கிக்கான சாதாரணத் தோட்டாவைப் போட்டுவிட்டு, 7என்1 ஸ்னைப்பர் தோட்டாவின் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. இரண்டும் ஒரே அறைக்குள் நுழைவதால்தான் இந்தக் குழப்பம் தொடர்கிறது. குழல் முறுக்கு (குழலின் உட்புறச் சுருள்வரி ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் நீளம்) 320 மி.மீ.யிலிருந்து 240-க்கு மாறிய பிறகு வந்த துப்பாக்கிகளில் ஸ்னைப்பர் தோட்டாவும் சற்றுக் கூடுதலாகவே பரவும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் 4 மடங்கில் குண்டு எங்கே விழுந்தது என்று பார்ப்பது கடினம். உதைப்பில் சுட்டவரின் பார்வையும் கலைந்துவிடும். பக்கத்தில் 20 மடங்குத் தொலைநோக்கியோடு ஸ்பாட்டர் தேவைப்படுவது இதற்காகத்தான். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, புல் எவ்வளவு சாய்கிறது என்று காற்றைப் படிப்பவர் அவர். குண்டின் தடத்தைப் பார்த்து, "அரை மில் வலப்பக்கம்" என்று சொல்பவரும் அவரே. காற்றுக்கேற்பப் பக்கவாட்டில் திருத்தும் டிரம்மின் ஒரு சொடுக்கு சரியாக அரை மில். ஆகவே சொல்வதும் திருப்புவதும் ஒரே அலகில் இருக்க வேண்டும். ஒருவர் சென்டிமீட்டரிலும் மற்றவர் மில்லிலும் பேசினால் திருத்தம் வருவதற்குள் இலக்கு நகர்ந்துவிடும். இருவரையும் ஒன்றாகவே பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், இடங்களை மாற்றி மாற்றி அமர்த்த வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சோவியத் படை இதைத் தனித்து ஊடுருவும் ஸ்னைப்பர் ஜோடிக்காக மட்டும் உருவாக்கவில்லை. காலாட்படைப் பிரிவோடு நடந்து, மற்றத் துப்பாக்கிகள் எட்டாத 600 மீட்டர் சுற்றுவட்டத்தில் சுடுவதுதான் இதன் முதன்மை வேலை. அதற்கு இது இன்றும் நல்ல கருவி. அதைத் தாண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் வேண்டுமென்றால் .338 லாபுவா போன்ற தோட்டா வேண்டும். 2019-ல் இந்தியாவின் வடக்குப் படைத்தலைமைக்கு பெரெட்டா ஸ்கார்ப்பியோ டிஜிடி துப்பாக்கிகள் வாங்கப்பட்டதன் காரணமும் அந்தத் தூரம்தான். அவற்றுக்கும் ஸ்பாட்டர் இல்லாமல் ஒதுக்கீடு செய்யக் கூடாது.