டைட்டானியம் பல்லுக்காகப் பயந்து சொந்தப் பல்லைக் கோட்டை விட்ட கதை

கீழ்த்தாடை வலது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் போய், அந்த இடத்தில் டைட்டானியம் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், வைத்து ஏழு வருடம் ஆகிறது. அறுவை சிகிச்சைக்கு சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் கைகொடுத்தது, மேலே மாட்டும் பீங்கான் கிரவுனுக்குக் கைக்காசு. வலி, வீக்கம் எல்லாம் நாலு நாள் கதை. நான் எழுத வந்தது பற்பசையைப் பற்றி.

மூன்றாம் வருடம் என் மைத்துனன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டான். சொத்தையைத் தடுக்கப் பற்பசையில் சேர்க்கும் ஃப்ளூரைடு டைட்டானியத்தை அரித்துவிடுமாம், இம்பிளான்ட் வைத்தவர்கள் தொடவே கூடாதாம். "அத்தான், இது உங்களுக்குத்தான்" என்று கீழே ஒரு வரி வேறு. அன்று சாயங்காலமே முஸ்தபா கடைக்குப் போய் ஃப்ளூரைடு இல்லாத மூலிகைப் பற்பசை ஆறு டியூப் வாங்கி வந்தேன். கொட்டிக் கொடுத்த காசாயிற்றே, பயம் இருக்காதா?

அதை வைத்து ஒரு வருடத்துக்கும் மேல் ஓட்டினேன். இம்பிளான்ட் கல்லுக்குண்டாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் முன்புறமாக இருந்த என் சொந்தப் பல்தான், ஈறு கொஞ்சம் இறங்கியிருந்த இடத்தில், வேர் ஓரமாகச் சொத்தையானது. ரத்த அழுத்த மாத்திரையால் எனக்கு வாய் வேறு வறண்டே கிடக்கும். எச்சில் குறைந்த வாயில் ஃப்ளூரைடையும் நிறுத்தினால் பல் என்ன செய்யும்? பல் டாக்டர் நம் ஊர்ப் பெண். கண்ணாடியைப் பிடித்துக் காட்டிவிட்டு, "அங்கிள், டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. மற்ற பல்லுக்கெல்லாம் வருமே, அதை யோசிச்சீங்களா?" என்றார். பதில் சொல்ல முடியாதபடி வாயில் பஞ்சு இருந்தது, நல்லவேளை.

மைத்துனன் சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். டைட்டானியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர்தான் தடிப்பு. கீறினாலும் உடனே மறுபடி படிந்துவிடும். அந்தப் படலத்தைக் கரைக்கக்கூடியது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். ஃப்ளூரைடு அந்த அமிலமாக மாற வாயில் புளிப்பு வேண்டும். புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 3.2 அளவுக்கு இறங்கினால் ஃப்ளூரைடில் ஏறக்குறைய பாதி அமிலமாக நிற்கும். பிஎச் 7 என்றால் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஃப்ளூரைடு இருக்கிறதா என்பதல்ல, எவ்வளவு ஃப்ளூரைடு எவ்வளவு புளிப்போடு வருகிறது என்பது. நாம் தினமும் தேய்க்கும் பற்பசையில் 1000 முதல் 1500 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு, ஃப்ளூரைடு இருக்கும். புளிப்பு இல்லாத பற்பசையாக இருந்தால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குழாய்த் தண்ணீருக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. சிங்கப்பூர்த் தண்ணீரில் 1950களிலிருந்தே ஃப்ளூரைடு கலக்கிறார்கள். லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டிய சாமான் வேறு. ஐந்தாம் வருடம் டாக்டர் ஊரில் இல்லாததால் வேறொரு கிளினிக்குக்குப் பல் சுத்தம் செய்யப் போனேன். முடிந்ததும் ஸ்ட்ராபெரி வாசனையோடு ஒரு ஜெல்லைப் பல்லில் மாட்டும் தட்டில் பிதுக்கி வாயருகே கொண்டுவந்துவிட்டார்கள். என்ன ஜெல் என்று கேட்டேன். அமிலம் கலந்த ஃப்ளூரைடு ஜெல், அதாவது ஏபிஎஃப். 1.23 சதவீதம், 12,300 பிபிஎம், பிஎச் 3லிருந்து 3.5 வரை. டைட்டானியத்துக்கு ஆகாத இரண்டும் ஒரே தட்டில்! பீங்கான் கிரவுனின் பளபளப்பையும் இது மங்க வைக்கும். எனக்கு இம்பிளான்ட் இருப்பதை யாரும் கேட்கவில்லை, நான் சொன்ன பிறகுதான் தட்டு திரும்பிப் போனது. பதிலுக்குப் பல்லில் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினார்கள். அதில் ஃப்ளூரைடு இன்னும் அதிகம், 22,600 பிபிஎம், ஆனால் புளிப்பு இல்லை. ஒரு தடவை ஜெல் பட்டிருந்தால் இம்பிளான்ட் கழன்று விழுந்திருக்காது, சரி. ஆனால் வாயைத் திறந்து கேட்காமல் இருந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே பூசியிருப்பார்கள்.

இப்போது சாதாரண ஃப்ளூரைடு பற்பசைதான், காலையும் இரவும். துப்பியபின் வாய் கொப்பளிப்பதில்லை, பழக ஒரு மாதம் பிடித்தது. எலுமிச்சை ஜூஸ் குடித்த சூட்டோடு பல் தேய்ப்பதில்லை. ஃப்ளூரைடு மவுத்வாஷ்களில் சில புளிப்பானவை என்பதால் வாங்குமுன் டாக்டரிடம் காட்டிவிடுவேன். கரித்தூள் பற்பசை வீட்டுக்குள் வரக் கூடாது.

ஏழு வருடத்தில் இம்பிளான்ட் என்னை ஒரே ஒருமுறைதான் பயமுறுத்தியது, அதற்கும் ஃப்ளூரைடுக்கும் சம்பந்தமில்லை. போன வருடம் கிரவுனுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்ட குட்டி பிரஷ் ரத்தத்தோடு வந்தது, முகர்ந்தால் நாற்றம். அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கியிருந்தது. எலும்பு வரை இறங்கவில்லை. இம்பிளான்ட்டை ஆட்டம் காண வைப்பது பெரும்பாலும் இந்த அழுக்குதான். அன்றிலிருந்து இரவில் அந்த பிரஷ்ஷைத் தவறவிடுவதில்லை.

ஆறு டியூப்பில் ஒன்று மிச்சம் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் என் மனைவி அதைப் போட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழைத் தேய்த்தாள். நன்றாகவே பளிச்சிட்டது.