டிக்கிக்குள் கேபிள், கேபிளுக்காக டிக்கி: ஏழு வருட வண்டி அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறானாம். என்னுடையது எந்த மாடலோ அதே மாடல், அதே வருடம். "ஏழு வருஷமா ஓட்டுறியே, எப்படிடா இருக்கு? வாங்கலாமா?" என்று கேட்டான். வேறு எந்த மாதம் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது, டிக்கி பூட்டை முழுசாக மாற்றிவிட்டு வண்டியை நான் எடுத்து வந்த அன்றைக்கு. "எழுதி அனுப்புறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் பாதிக்கு மேல் டிக்கிதான் வருகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினில் ஒரு நாளும் கை வைத்ததில்லை; நேரத்துக்கு ஆயில், ஃபில்டர், அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் கியர் இன்னும் முதல் நாள் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் இடுப்பு வலிக்காது. ஏசியைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இந்த வகை வண்டியில் இவ்வளவு நல்ல சீட் கிடைப்பது அபூர்வம். சரி, போதும்.

டிக்கிக்கு வருவோம். இது ஹேட்ச்பேக். பின் கதவில் சாவித் துவாரம் கிடையாது. முன்பு என்னிடம் இருந்த பழைய வண்டியில் டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு லீவர் இருக்கும். அதை இழுத்தால் ஒரு கம்பி பின்னால் வரை போய் டிக்கியைத் திறக்கும். கம்பி துருப்பிடித்து ஒருநாள் அறுந்ததும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பேட்டரி தேவைப்பட்டதில்லை. இந்த வண்டியில் நம்பர் பிளேட்டுக்கு மேலே விரலுக்கு மெத்தென்று ஒரு ரப்பர் பட்டன். அதை அழுத்தினால் எதையும் இழுக்காது. 'திறக்கச் சொல்கிறார்கள்' என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது பூட்டு நிலையைப் பார்த்து, பின் கதவுக்குள் இருக்கும் ஒரு குட்டி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும். மோட்டார் ஒரு நாக்கை நகர்த்தும், கொக்கி விடும், கதவு திறக்கும். இந்தச் சங்கிலியில் கரண்ட் இல்லையென்றால் ஒரு கண்ணிகூட வேலை செய்யாது. அழகாகத்தான் இருக்கிறது, பின் கதவு வழவழவென்று, ஒரு ஓட்டைகூட இல்லாமல்.

சில மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு பத்து நாள் ரயிலில் வெளியூர் போயிருந்தோம். திரும்பி வந்து ரிமோட்டை அழுத்தினால் வண்டி அசையவில்லை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சாவியை உருவி டிரைவர் கதவைத் திறந்தேன். டேஷ்போர்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. செல்ஃப் 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 4 வோல்ட் சொச்சம். முழு சார்ஜில் 12.6 காட்ட வேண்டிய பேட்டரி. 12-க்கு வந்தாலே காலி என்று கணக்கு. 4 என்றால் கிட்டத்தட்ட மூச்சு நின்ற கேஸ். ஆட்டோமேட்டிக் என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பேச்சுக்கும் இடமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். "என் வண்டியைக் கொண்டாந்து நிறுத்துறேன், கேபிள் இருக்கா?" என்றார். இருக்கிறது. ஓடுகிற வண்டியின் பேட்டரியிலிருந்து செத்த பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் நல்ல தடியான கேபிள், நானே தேடி வாங்கியது. எங்கே இருக்கிறது? டிக்கியில். திருப்புளி, ஸ்பானர், டார்ச் எல்லாம் எங்கே? டிக்கியில். வழியில் வண்டி நின்றுவிட்டால் உதவட்டும் என்று ஒரு பைக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். என் முன்யோசனை அத்தனையும் அந்த வழவழப்பான கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

கையேடு கிளவ் பாக்ஸில் இருந்தது, நல்லவேளை. தடியான புத்தகத்தின் கடைசியில், ஃப்யூஸ் பட்டியலுக்கு முன்னால், ஒரு படமும் மூன்று வரியும். பின் சீட்டை மடித்து உள்ளே போ, கதவின் உட்பக்கத்தில் இருக்கும் மூடியை எடு, லீவரைத் தள்ளு. மூன்று வரிதான், படித்தால் எளிது.

பின் சீட்டை மடிக்கும் பிடி மெக்கானிக்கல் என்பதால் சீட் மடிந்தது. (இதற்கே நன்றி சொல்ல வேண்டும். சில செடான்களில் சீட்டை விடுவிக்கும் பிடியே டிக்கிக்குள் இருக்கும்.) பார்சல் ட்ரேயைக் கழற்றி முன் சீட்டில் போட்டேன். அப்புறம் தலையை முன்னால் கொடுத்துக் குப்புற ஊர்ந்தேன். நாற்பத்தைந்து வயது, கொஞ்சம் தொப்பை. போனின் டார்ச்சை ஒன்பது வயது மகள் பின்னாலிருந்து காட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்க கால் மட்டும்தான் தெரியுது" என்று ரன்னிங் கமென்ட்ரி வேறு.

பின் கதவின் உட்பக்க அட்டையில், கீழ் விளிம்புக்குச் சற்று மேலே, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. அட்டையின் அதே கறுப்பு, அதே சொரசொரப்பு. கையால் தடவித்தான் அதன் ஓரத்தைக் கண்டுபிடித்தேன். நகத்தால் நெம்பினேன், நகம்தான் பெயர்ந்தது. சாவியை வைத்து நெம்பலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வளைந்துவிட்டால் டிரைவர் கதவும் போச்சு என்று விட்டுவிட்டேன். இதே நிலைமையில் யாராவது மாட்டினால் சாவியைத் தொடாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து தையல் மெஷின் டப்பாவில் கிடந்த சின்னத் திருப்புளி வந்தது. மூடி பறந்து எங்கேயோ விழுந்தது. உள்ளே இருட்டாக ஒரு பொந்து. அதன் ஆழத்தில் வெள்ளை பிளாஸ்டிக்கில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு லீவர். படத்தில் அம்புக்குறி வலப்பக்கம் காட்டுகிறது. யாருடைய வலம்? வெளியே நிற்பவருடையதா, உள்ளே குப்புறக் கிடப்பவருடையதா? இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். கதவு தன் ரப்பர் மேல் இறுகி உட்கார்ந்திருந்ததால் கொக்கியில் இழுவிசை இருந்தது. லீவர் முழுசாக நகரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் வெளியிலிருந்து கதவை உள்நோக்கி அழுத்தச் சொன்னேன். அவர் அழுத்த, நான் தள்ள, 'டக்'. திடீரென்று முகத்தில் காற்றும் வெளிச்சமும். கையேட்டின் மூன்று வரியில் இல்லாத நாலாவது வரி இதுதான்: வெளியிலிருந்து ஒருவர் கதவை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கேபிளைப் போட்டு, பத்து நிமிடம் அவர் வண்டியை ஓட விட்டுக் காத்திருந்து ஸ்டார்ட் செய்தோம். மொத்தம் இரண்டரை மணி நேரம். அதில் ஸ்டார்ட் செய்ய ஆனது பதினைந்து நிமிடம்.

அன்று இரவு கோபத்தில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். பேட்டரியையே டிக்கியில் வைக்கும் வண்டிகளும் உண்டு, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போல. முன்னும் பின்னும் எடை சரிசமமாக இருக்கும் என்பது ஒரு காரணம். எஞ்சின் சூட்டிலிருந்து பேட்டரி தப்பிக்கும் என்பது இன்னொன்று. அவற்றில் பானெட்டுக்குக் கீழே சிவப்பு மூடி போட்ட ஒரு டெர்மினலைக் கொடுத்திருப்பார்கள். அங்கே வெளிக் கரண்ட் கொடுத்தால் வண்டிக்கே உயிர் வரும், டிக்கியும் திறக்கும். பெரும்பாலான வண்டிகளில் பானெட்டை இன்னும் கம்பிதான் திறக்கிறது, நல்லவேளை. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல், தனி டிக்கி உள்ள புதுக் கார்களில் உள்ளே சிக்கிக்கொண்டவர் திறந்துகொண்டு வெளியே வர ஒரு ஏற்பாடு கட்டாயம். பல வண்டிகளில் அது இருட்டில் ஒளிரும் ஒரு கைப்பிடி. ஆனால் என்னுடையது போல பின் கதவு வைத்த வண்டிகளுக்கு அந்த விதி பொருந்தாது. அவர்கள் யோசித்தது சின்னக் குழந்தைகளை, அது நியாயம். தொப்பையோடு ஊர்ந்து வருபவனுக்கும் அந்தப் பொந்தைச் சுற்றி ஒளிரும் பெயின்ட் ஒரு கோடு அடித்திருக்கலாம், அவ்வளவுதான் என் மனு.

சரி, பேட்டரி ஏன் செத்தது? நாலு வருடப் பேட்டரி, வயசாகிவிட்டது என்றார்கள். நானும் நம்பிப் புதுசு போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஐந்து நாள் வண்டியை எடுக்கவில்லை. புதுப் பேட்டரியும் படுத்துவிட்டது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எங்கேயோ கரண்ட் கசியுது சார். வெளியூர் போனா நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி வச்சிட்டுப் போங்க" என்றார். அடுத்த பயணத்துக்கு அப்படியே செய்தேன். திரும்பி வந்து பானெட்டைத் திறந்து, நட்டை முடுக்கக் கை நீட்டினால், 10 நம்பர் ஸ்பானர்? கழற்றியதும் ஒழுங்காகப் பையில் போட்டு, பையை டிக்கியில் வைத்து, டிக்கியைச் சாத்தியிருந்தேன். இதற்கு வண்டியைத் திட்ட முடியாது. இந்தத் தடவை ஊரவில்லை. கழற்றிய கிளாம்ப்பைப் பேட்டரி முனை மேல் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்தேன், பின்னால் போய் மகள் பட்டனை அழுத்தினாள், திறந்தது. டிக்கியைத் திறக்க அந்த அளவுக்குத் தொடர்பு போதும். ஸ்டார்ட் செய்யத்தான் நட்டை முடுக்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடித்தது மகள்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாமே என்று, போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்துச் சாத்தினாள். இரண்டு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தோம். கதவு சாத்தும் சத்தம், நாங்கள் வெளியே பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது மாதிரி, படம் முழுக்க மஞ்சள் வெளிச்சம். டிக்கி விளக்கு அணையவே இல்லை. பூட்டுக்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறதா என்று அதுதான் வண்டிக்குச் சொல்லும். அது போய்விட்டது. விளக்கு 5 வாட்தான். ஆனால் 5 வாட் என்றால் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் மணி. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 45 ஆம்பியர் மணி. நாலரை நாளில் மொத்தமும் காலி. சும்மா நிற்கும் வண்டி வழக்கமாக எடுப்பது 50 மில்லி ஆம்பியருக்குள்தான். அந்தக் கணக்கில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியிருக்கும். சில வண்டிகளில் விளக்கு சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். இதில் அந்தப் புண்ணியமும் இல்லை.

ஆக, பேட்டரியைத் தின்றது டிக்கி. தின்றுவிட்டு, பேட்டரி இல்லை என்று சொல்லித் திறக்க மறுத்ததும் அதே டிக்கி.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது 'டிக்கி திறந்திருக்கிறது' என்ற படம் டேஷ்போர்டில் ஒரு நொடி வந்து போவதை ஒரு வருடமாகவே பார்த்திருக்கிறேன். சென்சார் கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதி விட்டுவிட்டேன். வண்டி சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்த மூக்குப்பொடி அளவு ஸ்விட்சைத் தனியாக விற்க மாட்டார்களாம், பூட்டை முழுசாகத்தான் மாற்ற வேண்டுமாம். அதைக் கேட்டதும் என் தப்பெல்லாம் மறந்து கோபம் திரும்ப வந்துவிட்டது.

இப்போது கேபிளும் ஸ்பானரும் முன் சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. சின்னத் திருப்புளி கிளவ் பாக்ஸில், கையேட்டின் அந்தப் பக்கத்துக்குள் செருகியபடி. தையல் டப்பாவுக்குத் திருப்பித் தரவில்லை, வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பா, கேட்டாய் அல்லவா? வாங்காதே. ஏழு வருடம் குறையில்லாமல் ஓடிய வண்டி, இன்னும் ஏழு வருடம் ஓடும், நான் விற்பதாகவும் இல்லை, ஆனாலும் வாங்காதே. இல்லை, பிடித்துப் போய்விட்டது, வாங்கத்தான் போகிறேன் என்றால் எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள். முதலில் பின் சீட்டை மடித்து, குனிந்து, கதவின் உட்பக்கத்தில் அந்தக் கறுப்பு மூடி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் எனக்கு முன்பே ஒருவர் அதற்குள் ஊர்ந்திருக்கிறார். என்னுடையதும் இன்னும் கிடைக்கவில்லை.