கோத்தகிரில டெண்டர் போட்டுக் குடுக்குற கடை, என் அனுபவம்

தடுப்புச்சுவர், வடிகால் மாதிரி சின்ன வேலைங்க எடுத்து செய்றேன், போன வருஷம் வேற ஒரு இடத்துல டெண்டர் போட்டப்ப விலைய டெக்னிக்கல் கவர்லயே சேர்த்து ஆன்லைன்ல ஏத்திட்டாங்க, ரெண்டு கவர் முறைல (தகுதி விவரம் ஒரு கவர், விலை தனி கவர்) அப்படி பண்ணா விலைக் கவர திறக்கவே மாட்டாங்க, தள்ளுபடி ஆயிடுச்சு. ரொம்ப வேதனையா இருந்துச்சு. இந்த தடவை கோத்தகிரி மார்க்கெட் பக்கம் இருக்குற இந்த கடைக்கு போனேன்.

கடைல இருக்குற அக்கா உடனே எதையும் ஏத்தல, முதல்ல டெண்டர் டாக்குமெண்ட என்னையே முழுசா படிக்க வெச்சாங்க. 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் நமக்காகத்தான் இருக்கு தம்பின்னு சொல்லி, 2 கோடி வரைக்கும் உள்ள வேலைக்கு டெண்டர் போட குறைஞ்சது 15 நாள் டைம் குடுக்கணும், அதுக்கு மேலன்னா 30 நாள், முன்வைப்புத் தொகை (டெண்டரோட கட்டுற டெபாசிட், EMD) வேலை மதிப்புல 1 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு விதியையே எடுத்துக் காட்டினாங்க. இவ்ளோ நாள் இது எனக்கு தெரியாது.

டெண்டர் ஏத்த டிஜிட்டல் கையெழுத்துக்கு கிளாஸ் 3 வகை சான்றிதழ் தான் வேணும், அதுவும் இங்கயே வாங்கித் தர்றாங்க, ஆனா டோக்கனையும் (அந்த கையெழுத்து இருக்குற USB) பாஸ்வேர்டையும் நம்ம கைலயே குடுத்துடுறாங்க, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க.

குறைன்னா மழைக்காலத்துல கரண்டு போகும், நெட் இழுக்கும். கடைசி நாள் போகாம ரெண்டு நாள் முன்னாடியே போயிடுங்க.